சொல்லாமல் இருப்பது

தன்ஷிகா சொறிந்துகொண்டிருக்கிறாள். ஸ்வெட்டரின் கழுத்துக்குள் விரலை விட்டு, முகத்தைச் சுளித்து, வாயைத் திறக்காமல் சொறிகிறாள். சித்திரை வெயிலில் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிவந்திருக்கிற ஆளை ஆரம்ப சுகாதார நிலையத்தின் எதிர் பெஞ்சில் இருக்கும் பெண்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், இல்லை பார்க்கக்கூடாது, பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது உள்ளே இருக்கும் ஜெசிந்தா மேடத்தின் காதில் விழுந்து, அவர் எழுந்து வந்து பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லையே, அப்புறம் எதற்கு இது என்று கேட்டால்? செங்கோடன் மகளின் விரலைக் கழுத்திலிருந்து எடுத்து அவள் மடியில் வைக்கிறான். வலது கை. இடது கையை நேற்று ராத்திரிக்குப் பிறகு அவன் தொடவில்லை, குளிக்க வைத்தபோதுகூடத் தண்ணீரை மட்டும் ஊற்றினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுகிறது, அழுகை நின்றதும் காதுக்குள் தறி ஓட ஆரம்பிக்கிறது, இதுதான் இந்த மாதிரி இடங்களில் தொல்லை, பட்டறையில் தறி ஓடும்போது காதில் ஒன்றும் இருக்காது, அமைதியான இடத்துக்கு வந்தால்தான் உள்ளே டக்கடக்கென்று கிளம்பும், அதில் பெயர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடும், கூப்பிட்டும் வரவில்லை என்று எழுதிவிட்டால் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஆகிவிடும். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்குமே இப்படித்தான், பக்கத்தில் நிற்பவனிடம் பேசவே கத்த வேண்டும், அந்தக் கத்தல் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். கோகிலா இருந்தபோது, ஏனுங்க, நான் இங்கதான் இருக்கறன், ஊருக்கே சொல்லாதீங்க என்பாள். கோகிலா மஞ்சள் காமாலையில் போனது முந்தின வருஷம். அவள் இருந்தவரை அது கத்தலாக இல்லை, அவனுடைய பேச்சாக இருந்தது. அவள் போன பிறகு அவளுடைய அக்கா எழுதிக்கொடுத்த மனுவில்தான் அது கத்தலாகிவிட்டது. பிள்ளையிடம் எப்போதும் சத்தம் போட்டுக் கத்துகிறார், ஷிப்டு வேலைக்குப் போகிறார், பெண் குழந்தையை ஆண் ஒருவர் தனியாக வளர்ப்பது சரியில்லை, குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் அந்த மனுவைப் படித்துக்காட்டியபோது அக்காவும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பரிமளா. நங்கையா என்றுதான் அவன் கூப்பிடுவான். கோகிலாவின் பிரசவத்துக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தவர், பிள்ளை இல்லாதவர், கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், மனதுக்குள் வைதுகொண்டாவது இருக்கலாம்.

இந்தப் பரிசோதனை போன வாரம் நடந்திருந்தால் ஒன்றுமில்லை. நேற்றுக் காலை நடந்திருந்தால்கூட ஒன்றுமில்லை. குழு உத்தரவு போட்டது, விசாரிக்கக் குழு அனுப்பிய ஜெசிந்தா மேடம் வீட்டுக்கு வந்து பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார், பிள்ளை எங்கே படுக்கிறாள், ஷிப்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டுக்கொண்டார், லைன் வீட்டுக்காரர்களிடமும் விசாரிப்பேன் என்று சொன்னார், இனி டாக்டர் பார்த்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதினால் போதும் என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தக்காளி வாங்கினதுதான் தப்பு. தக்காளிக்காரியிடம் பையை நீட்டுவதற்காகப் பிள்ளையின் கையை விட்டான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சு மிட்டாய்க்காரன் மணியடித்துக்கொண்டு போனான், அவள் ஓடினாள், தறிக்கு நூல் சுற்றிய பாவு உருளை ஏற்றிக்கொண்டு டெம்போ வந்தது, வேறு எந்த அப்பனுக்கும் வண்டி வருவது காதில் கேட்டிருக்கும், இவனுக்குக் கேட்கவில்லை, திரும்பினபோது பிள்ளையும் டெம்போவும் ஒன்றாகத்தான் கண்ணில் பட்டது, எப்படிப் போனான், எட்டித் தாவினானா, தெரியவில்லை, கையில் அவள் புஜம் இருந்தது, இழுத்தான், இரண்டு பேரும் தக்காளிக் கூடையில் வந்து விழுந்தார்கள். டெம்போ நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தினான். என்ன கத்தினான் என்று நினைவில்லை, கத்திக்கொண்டே கையை ஓங்கினான், கை மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை, சத்தியமாக இறங்கவில்லை. ஆனால் லைன் வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுத்தானே திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தபோது டெம்போ போய்விட்டது. ஓங்கின கையும் அதற்குக் கீழே அழுகிற பிள்ளையும்தான் அவர்கள் கண்ணில் பட்டது. தக்காளிக்காரி பார்த்தாள், அவள் எந்த ஊர், இன்றைக்கு எந்தத் தெருவில் விற்கிறாள், யாருக்குத் தெரியும். ராத்திரி விளக்கடியில் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தான். துண்டை நனைத்துத் துடைத்தான். போகவில்லை. ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டைவிரல், ஒவ்வொன்றும் தனித்தனியாக, நீலமாக, இது செங்கோடனுடைய கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைக் காப்பாற்றின கையும் அடித்த கையும் தோலில் ஒரே மாதிரிதான் பதிகிறது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இப்போது நேராகப் போய், இப்படி ஆச்சுங்க மேடம் என்று சொல்லியிருக்கலாம். காலையில் குளிக்க வைக்கும்போது வாய் சும்மா இருந்ததா? டாக்டரம்மா கேட்டா கையப் பத்திச் சொல்லாத கண்ணு என்றான். அவள் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்து, பொய் சொல்லோணுமாப்பா என்று கேட்டாள். பொய் இல்ல, சொல்லாம இருக்கறது என்றான். அவள் யோசித்தாள். ரெண்டும் வேறயா என்றாள். வேற என்றான். அவள் தலையாட்டினாள், நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்வாள், அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒன்றும் தோன்றவில்லை, இந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஒன்றும் செய்யாத அப்பன் எதற்கு மறைக்கச் சொல்கிறான்? தடத்தைப் பார்த்தால் விளக்கம் கேட்பார்கள், மறைக்கச் சொன்னதைக் கேட்டால் விளக்கமே கேட்க மாட்டார்கள். சுவரெல்லாம் படங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மா, சொட்டு மருந்துக்குப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற அம்மா, சத்துமாவு ஊட்டுகிற அம்மா, ஒரு படத்திலும் அப்பன் இல்லை. சீட்டு எழுதிய பெண்கூட அம்மா வரலீங்களா என்றுதான் கேட்டாள், இல்லைங்க என்றான், எப்ப வருவாங்க என்றாள். கோகிலா இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்து மாத்திரை கசக்குதுங்க என்று சொல்லிவிட்டுக் கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு. பிள்ளைக்கு முதல் ஊசி போட்டபோது தொடை வீங்கிவிட்டது, ராத்திரி முழுக்க அவள் ஈரத்துணி வைத்தாள், இவன் வாசலில் நின்று அழுதான், ஆம்பளை அழுவறதப் பாரு என்று சிரித்தாள். அவள் இருந்தால் இந்தத் தடத்தைக் காட்டி, என்ற வீட்டுக்காரரு கை இரும்புங்க, அதான் பிள்ளை தப்பிச்சுது என்று டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். அம்மா சொன்னால் நடந்தது. அப்பன் சொன்னால் சாக்கு. இன்னும் கூப்பிடவில்லை, இப்போதே சரிசெய்துவிடலாம், காதோரம் குனிந்து, சொல்லிவிடு என்று சொன்னால் போதும். குனிந்தான்.

"கண்ணு, டாக்டரம்மா கேட்டா சொல்லலாம்."

"கையப் பத்தியா?"

மெதுவாகப் பேசுவதாகத்தான் அவன் நினைத்தான். ஆனால் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஸ்வெட்டரின் கையைப் பார்த்தாள், தன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் இடம் விட்டாள், ஒரு பை வைக்கிற இடம், ஆனால் நகர்ந்தாள்.

"செரி, ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றான்.

"சொல்லோணுமா, வேண்டாமாப்பா?"

வேண்டும் என்று சொன்னால் முதலில் எதற்கு வேண்டாம் என்றாய். வேண்டாம் என்று சொன்னால் நடுவில் எதற்கு வேண்டும் என்றாய். அவள் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கன்வாடியில் பாட்டுச் சொல்லித்தரும்போது அடுத்த அடிக்குக் காத்திருப்பாளே அந்த மாதிரி. வீட்டுக்குப் போய்விடலாமா? எழுந்து நடந்தால் யாரும் பிடித்து நிறுத்தப் போவதில்லை. ஒரு வாரம் போனால் நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், மஞ்சள் போய்விடும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அடுத்த வாரம் வரலாம், ஆனால் அதுவும் பொய்தான், அதற்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயிறு வலிச்சுதுன்னு சொல்லு கண்ணு. ஒன்றை மூட ஒன்று, அதை மூட இன்னொன்று, பாவில் ஓர் இழை அறுந்ததைப் பார்க்காமல் தறியை ஓட்டினால் துணி முழுக்க ஓடுமே அந்த மாதிரி. அப்பா, உங்களைக் கூப்புடறாங்க என்று தன்ஷிகா அவன் முழங்காலைத் தட்டினாள். வாசலில் சிஸ்டர் நின்றிருந்தாள். எத்தனை தடவை கூப்பிட்டாளோ, முகத்தில் சலிப்பு இருந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

உள்ளே டாக்டரம்மா சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தார். ஜெசிந்தா மேடம் மேஜையின் பக்கவாட்டில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார், உட்காருங்க என்றார், அவன் உட்காரவில்லை. எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், தன்ஷிகா முழுதாக நீட்டினாள், நல்லா வளர்ந்திருக்காளே என்றார் டாக்டரம்மா, அந்த ஒரு சொல்லோடு அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட முடிந்தால். இந்த வெயில்ல எதுக்குடா செல்லம் இது என்று சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரைத் தலை வழியாக உருவினார். செங்கோடன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அறையில் பேச்சு நின்றது. நின்றதைப் பார்க்கவே தேவையில்லை, காதுக்குள் தறி கிளம்பிவிட்டது. இது எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டது மிகவும் அன்பாக இருந்தது, அந்த அன்பு அவனுக்கு இல்லை. தன்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவளே சொன்னாள்.

"அப்பா சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

ஜெசிந்தா மேடம் கைப்பையை மேஜைமேல் வைத்தார். அவன், இல்லைங்க, அது வண்டி வந்துச்சுங்க, டெம்போ என்று ஆரம்பித்தான், அது கத்தலாகத்தான் வெளியே வந்தது, டாக்டரம்மாவின் தோள் லேசாகத் துள்ளியதை அவன் பார்த்தான், பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. செங்கோடன், கொஞ்சம் வெளியே இருங்க, பிள்ளைகிட்ட நாங்க தனியாப் பேசறோம் என்றார் ஜெசிந்தா. கதவுவரை நடந்தது நினைவிருக்கிறது. சிஸ்டர் கதவைச் சாத்தினாள்.

கதவில் பச்சைப் பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை, கேட்கிற காதாக இருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. இப்படியே பின்வாசல் வழியாகக் கூட்டிப் போய்விடுவார்களா? இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் இருக்கிறது, கோகிலா சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனபோது பார்த்திருக்கிறான், கிணற்றடி, அந்தப் பக்கம் கேட். நங்கையா காரோடு அங்கே நிற்கிறாரோ? நிற்க மாட்டார், அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் நின்றால்? பிள்ளை என்ன எடுத்துக்கொண்டு போவாள், மாற்றுத் துணிகூட இல்லை, தலையணைக்குப் பதிலாக இவன் பனியனைச் சுருட்டி வைத்தால்தான் தூங்குவாள், அதை யாரிடம் சொல்வது, சிஸ்டரிடம் சொல்லி அனுப்பலாமா, சொன்னால் பிள்ளையைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடுமா? நங்கையா வீட்டில் ஏ.சி. இருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அங்கே ரோட்டில் பாவு வண்டி வராது. ஒருவேளை அதுதான் பிள்ளைக்கு நல்லதோ என்ற எண்ணம் வந்தது, இதற்கு முன்னும் வந்திருக்கிறது, வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொள்வான், இன்று நினைக்க வேறு எதுவும் இல்லாததால் அது வந்து அப்படியே நின்றது. காது கேட்காத அப்பனிடம் பிள்ளை இருக்கலாமா? நேற்று அந்தக் கணம் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியிருந்தால்? அப்போது மறைக்க ஒன்றும் இருந்திருக்காது, இந்தக் கதவும் இருந்திருக்காது. கைக்குழந்தைக்காரி ஊசி போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறாள், அவனைத் தாண்டும்போது நடையை வேகப்படுத்தினாள். அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, அம்மிணி, நான் அடிக்கலை. அவன் தன் வலது கையைப் பார்த்தான். நல்ல பெரிய கை. கதவு திறந்தது.

தன்ஷிகா ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை ஜெசிந்தா உட்காரச் சொல்லவில்லை.

"எப்படிப் புடிச்சீங்கன்னு காட்டுங்க," என்றார்.

அவனுக்குப் புரிந்தது, ஆனால் கை எழவில்லை. வேண்டாமுங்க, வலிக்கும் என்றான். சொன்னது தாழ்ந்த குரலில்தான் வந்தது, அவனுக்கே கேட்கவில்லை. சும்மா காட்டுங்க, அழுத்த வேண்டாம் என்றார் அவர். அவன் ஒரு அடி எடுத்துவைத்துக் கையைத் தூக்கினான். கை பிள்ளையின் தலைக்கு மேலே போகும்போது ஜெசிந்தா கையைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அவனுக்கு அப்போது தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது. தன்ஷிகா பிஸ்கட்டை மென்றபடியே அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். "இங்கல்ல, இங்கப்பா," என்று இழுத்துத் தன் புஜத்தில் வைத்தாள். "இப்படிப் புடிச்சு இழுத்தாங்க. நான் தக்காளி மேல விழுந்தேன். வண்டி போயிருச்சு." விரல்கள் அந்தந்தத் தடத்தில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. செங்கோடனால் அங்கே வைத்திருக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

பிள்ளை சொன்னதும் அவன் சொன்னதும் ஒன்றாக இருக்கிறது என்றார் ஜெசிந்தா. இழுத்ததில் ஆன கன்றல் என்று டாக்டரும் எழுதுகிறார், எலும்புக்கு ஒன்றுமில்லை. தடம் இருந்ததையும் எழுதுவேன், மறைக்கச் சொன்னதையும் எழுதுவேன், பிள்ளை அப்பாவிடம் இருக்கலாம் என்றும் எழுதுவேன், முடிவு குழுவினுடையது, எப்படியும் சில மாதம் வந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். காதை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்க என்றார். அவன் கும்பிட்டான். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை, இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைகிட்ட எதையும் சொல்லாதேன்னு பழக்காதீங்க. இந்த வேலையில நான் பாக்கற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் பழகினவங்க. நாளைக்கு எவனாவது உங்க பொண்ணுகிட்ட, இத யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லுவான். அப்பாவும் அப்படித்தான் சொன்னாங்கன்னு அவ வாய மூடிக்குவா."

அவன் தலையாட்டினான். டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார், அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான், பிள்ளையைக் கீழே இறக்கினான், வராண்டா, படி, கேட். காலையிலிருந்து எதற்குப் பயந்தானோ அது நடக்கவில்லை. நடக்காதது நெஞ்சில் இறங்குவதற்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எவனாவது. அந்த எவனுக்கு முகம் இல்லை. லைன் வீட்டில் எத்தனை கதவு, பட்டறையில் எத்தனை ஆள், மிட்டாய் வாங்கித் தருகிற மாமா, பள்ளிக்கூட வேன் ஓட்டப்போகிறவன், எல்லோரும் வரிசையாக வந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் காலையில் குளியலறையில் இவன் குனிந்தது மாதிரியே குனிந்தார்கள், இவன் குரலிலேயே சொன்னார்கள், பொய் இல்ல கண்ணு, சொல்லாம இருக்கறது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தானே, வழியைத் திறந்துவிட்டது இவன் வாய்தான். மதில் ஓரமாக நிழல் இருந்தது. அங்கே நின்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், அவள் முகத்துக்கு நேராக.

"கண்ணு, காலைல அப்பா சொன்னது தப்பு. இனிமே யாராவது சொல்லாதேன்னு சொன்னா, அத முதல்ல அப்பாகிட்ட வந்து சொல்லோணும்."

"நீங்க சொல்லாதேன்னாலுமா?"

"நான் சொன்னா ஜெசிந்தா மேடத்துகிட்ட சொல்லு."

அவள் அதையும் யோசித்தாள். ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது, அது போய் முடிகிறவரை காத்திருந்தாள், பஸ் சத்தத்தில் பேசினால் அப்பாவுக்குக் கேட்காது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"பெரிம்மாவும் சொல்லாதேன்னாங்க."

"என்னதுடா?"

"போன்ல பேசறப்ப அவங்கள அம்மான்னு கூப்புடச் சொன்னாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்களாம்."

"கூப்புட்டியா?"

"ம்."

தொண்டைக்குள் அந்தக் குரல், பட்டறைக் குரல், எழுந்து வந்தது. யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய் என்பது நாக்குவரை வந்துவிட்டது. பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், சொன்னதற்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிறாள், இப்போது என்ன நடக்கிறதோ அதைத்தான் இனி எப்போதும் நினைவில் வைத்திருப்பாள். அவன் மண்ணைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சொன்னது நல்லது கண்ணு என்றான். சிரிக்க முயன்றான், உதடு கோணிக்கொண்டது.

அவள் குனிந்து அவன் கண்களை உற்றுப் பார்த்தாள்.

"அழுவறீங்களாப்பா?"

வெயில், தூசி, ஒன்றுமில்லை, எத்தனையோ இருந்தன சொல்வதற்கு.

"ஆமா கண்ணு," என்றான்.